பொதுநலன் கருதி

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ‘அனுமதியின்றிப் பெயர் வெளியிடப்பட்டது தொடர்பாக’ என்று ஒரு பதிவுத் தபால் வரும். அதன் நகல் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். அந்த அனுபவம் எனக்கு ஏற்கெனவே ஒருமுறை உண்டு. இரண்டாவது முறை தாங்கும் வயது இல்லை. எங்கள் பக்கத்தில் அவரை எல்லோரும் மனுக்காரர் என்பார்கள். அது போதும்.

உத்தமபாளையத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பார்த்துக்கொள்வது என்றால், சாயங்காலம் மின்விசிறிகளை அணைத்துவிட்டு மவுஸ் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், புத்தி கொஞ்சம் குறைவாகவும் தலைமுடி கொஞ்சம் அதிகமாகவும் இருந்த காலத்தில், கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் ஓடுகிற பஸ்களின் நேரத்தைச் சொல்லும் ஆப் ஒன்றை எழுதினேன். எந்த ஊர் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள் என்று சொன்னால் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று காட்டும். கட்டணமில்லை, விளம்பரமில்லை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்தே வைத்தேன். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். கதவைத் திறந்து வைத்தால் ஊரே வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகும் என்பது அதன் தத்துவம். ஊர் வந்தது. செருப்பைக் கழற்றாமல் நடு வீடு வரைக்கும் வந்து, காபியில் சீனி பத்தவில்லை என்றது.

பொறுப்பாளர்கள் என்று மூன்று பெயர் போட்டிருக்கும். ஒருவர் போடிக்காரர், கனடாவுக்குப் போய் அங்கே வாசலில் பனி அள்ளிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஒரு காற்புள்ளியைத் திருத்தி, பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போவார். மூன்றாவது ஆள் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான்.

பிழை ஏதும் கண்டால் தெரிவிக்க ஒரு பக்கம் உண்டு. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியதை உலகமே படிக்கலாம். அதில் மூன்றே கேள்விகள் வைத்திருந்தேன். என்ன செய்தீர்கள்? என்ன எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி நோய் குணமான மாதிரி. கிடைக்காது. ‘ஓடல’ என்று ஒருவர் எழுதுவார். எது ஓடவில்லை, பஸ்ஸா ஆப்பா என்று கேட்டால் பதில் வராது. ஒருவர் தன் போனை இன்னொரு போனால் படம் பிடித்து அனுப்புவார். படத்தில் கட்டைவிரல் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கும். மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒருவர் நான்கு நிமிஷத்துக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்பினார். மூன்றே முக்கால் நிமிஷம் மோட்டார் சத்தம், கடைசிக் கால் நிமிஷம் என் குடும்பத்தைப் பற்றி.

“ஓசிக்கு வேலை பாக்குறதுக்கு இம்புட்டு ஏச்சு வாங்கணுமா? சம்பளம் குடுத்து ஏசுனாக்கூட ஒரு ஞாயம் இருக்கு” என்பாள் என் மனைவி. அவள் கேட்டதில் ஞாயம் இருந்ததால் நான் அடுத்த ஏச்சைத் திறந்துவிடுவேன்.

மனுக்காரர் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதுகிற ஒரே மனிதர் அவர். அவருடைய முதல் பதிவு எனக்கு இன்னும் மனப்பாடம்.

என்ன செய்தீர்கள்? ‘பலமுறை முறையிட்டேன்.’

என்ன எதிர்பார்த்தீர்கள்? ‘நேர்மையான நிர்வாகம்.’

என்ன நடந்தது? ‘தாங்கள் அறிந்ததே.’

கீழே, ‘எனவே சமூகம் ஐயா அவர்கள் பொதுநலன் கருதி உரிய நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தேனி.’ நகல் என்று சும்மா எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் ஒரு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. களைத்த குரலில் ஒரு பெண்.

“சார், ஒங்க மேல ஒரு மனு வந்திருக்கு. பதினஞ்சு நாளைக்குள்ள நடவடிக்கை அறிக்கை அனுப்பணும். நீங்க எந்த டிபார்ட்மெண்ட்டு?”

“நான் டிபார்ட்மெண்ட் இல்லம்மா. சும்மா ஒரு ஆளு.”

“சும்மா ஆளுன்னு எழுதுறதுக்கு இதுல கட்டம் இல்லையே சார். போக்குவரத்துன்னு போட்டுக்கிறவா?”

போட்டுக்கொள்ளச் சொன்னேன். அரசுத் துறையாக ஆவதற்கு அவ்வளவு சுலபமான வழி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மனு எதைப் பற்றியது என்று அந்தம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ‘ஆவன செய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்பினேன். எல்லோருக்கும் திருப்தி.

அடுத்த மாதம் ஆளே நேரில் வீட்டுக்கு வந்தார். ராயப்பன்பட்டிக்கு அடுத்தாற்போல் இருக்கும் ஒரு சின்ன ஊர்க்காரர். கூட்டுறவுச் சங்கத்தில் எடை போட்டு ஓய்வு பெற்றவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, பொத்தான் வைத்த பிளாஸ்டிக் பைல், சட்டைப் பையில் இரண்டு பேனா. ஒன்று நீலம், அவர் எழுத. இன்னொன்று பச்சை, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி பேனா இல்லை என்று சொல்லித் தப்பித்துவிடக் கூடாதே என்பதற்காக. நாற்காலியைக் காட்டினால் உட்கார மாட்டார்.

“மனுக் குடுக்க வந்தவன் உக்காந்தா, வேலை முடிஞ்ச மாதிரி ஆயிரும் சார்.”

“சரிங்கய்யா, ஆப்புல என்ன கோளாறு?”

“நெறையா இருக்கு.”

“எந்த பஸ்ஸு?”

“பொதுவாத்தேன்.”

“எந்த ஊரு ஸ்டாப்பு?”

“எல்லா ஊரு சனமுந்தேன் கஷ்டப்படுது. ஒரு ஊரச் சொன்னா, அவரு ஊருக்காகக் கேக்குறாருன்னு ஆயிரும்ல?”

“ஊரச் சொன்னாத்தானே அய்யா நான் பாக்க முடியும்?”

“அதையெல்லாம் நீங்கதேன் சார் வெசாரிச்சுக் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தேன் ஆபீஸு.”

என் வீட்டுத் திண்டாட்டத்தை அலுவலகம் என்று அழைத்த முதல் மனிதர் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. காபி கொடுத்தோம். நின்றுகொண்டே குடித்தார்.

அவர் மனுப் போட்டுச் சாதித்தவை ஏராளம். பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை. வாய்க்கால் பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர். நாலைந்து தெருக்களுக்கு விளக்கு. மாதா கோவில் ஒலிபெருக்கியின் வாயைப் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து திருப்பி வைக்கச் சொல்லிப் பங்குச் சாமியாருக்கே மனுக் கொடுத்தவர்; நகல் ஆயருக்கு. இத்தனைக்கும் ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பவர்.

ஒருமுறை பைக் ரிப்பேராகி அவர் ஊர் வழியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். பொழுது சாய்ந்த நேரம். தெரு முழுக்க விளக்கு எரிந்தது, அவர் வீட்டு வாசலைத் தவிர. அங்கே கம்பம் இருந்தது, விளக்கும் இருந்தது, வெளிச்சம்தான் இல்லை. வாசலில் நின்றவரிடம் கேட்டேன்.

“என்னங்கய்யா, ஊருக்கெல்லாம் லைட்டு வாங்கிக் குடுத்துட்டு ஒங்க வாசல இருட்டா வச்சிருக்கீக?”

“என் வாசல்ல எரியலன்னு நானே எழுதுனா நல்லாருக்குமா சார்? சொந்தத்துக்கு மனுப் போட்டா அதோட நம்ம மனுவுக்கு மருவாத போச்சு.”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அப்பிடிச் சொல்லுங்க. நேத்து நான் நாய மிதிச்சேன். அதுக்கும் ஒரு நகலப் போடுங்க.”

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தம்மாவை நான் பார்க்கவில்லை. குரலை மட்டும் கேட்டேன்.

சென்ற வருஷம் மழைக்காலத்தில் அவரிடமிருந்து புதுப் பதிவு வந்தது. பொருள்: ‘பேருந்து நேரம் தவறாகக் காட்டப்படுவது தொடர்பாக.’ எந்தப் பேருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒன்றும் இல்லை. ‘பொதுமக்கள் பெரும் இன்னலுக்கு உள்ளாகின்றனர்’ என்று மட்டும் இருந்தது. காலை பத்து மணிக்கு, டீ குடித்துக்கொண்டே, என் போனில் நாலைந்து நிறுத்தங்களைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. ‘எனக்குச் சரியாகவே வருகிறது, விவரம் தரவும்’ என்று எழுதினேன். ‘விவரம் முன்பே தரப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது.

அந்த வாரம் எனக்கு நல்ல வாரம் இல்லை. ‘ஓடல’ பதினான்கு பேர். ‘இதையெல்லாம் எதுக்குய்யா வச்சிருக்க, மூடிட்டுப் போ’ என்று ஒருவர். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதி எழுதி, மனுக்காரரின் பதிவுக்கு வந்தபோது பொறுமை தீர்ந்து நகைச்சுவை மட்டும் மிச்சமிருந்தது. இப்படி எழுதினேன்: ‘தாங்கள் அறிந்ததே என்று ஐயா அவர்கள் எழுதுவது வழக்கம். அறியாததால் கேட்கிறேன். அறியும் வரை இம்மனு பொதுநலன் கருதி மூடப்படுகிறது.’

பதினொரு பேர் சிரித்தார்கள். அதாவது, பதினொரு சிரிப்புப் பொம்மைகள் கீழே விழுந்தன. போடிக்காரர் கனடாவிலிருந்து வந்து கைதட்டினார். நான் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பிய நகைச்சுவைக் கட்டுரைகள் எதற்கும் பதினொரு பேர் சிரித்தது கிடையாது. அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். பன்னிரண்டு ஆகிறதா என்று.

அவர் இன்னொரு முறை எழுதினார். அதே பொருள், அதே இன்னல். மூடினேன். மூன்றாவது முறையும் எழுதினார். இந்த முறை பதில்கூட எழுதாமல் மூடினேன். அதன் பிறகு வரவில்லை.

தொல்லை விட்டது என்று நினைத்தேன். தை போய் மாசி வந்தது. ஆப்பையே நிறுத்திவிடலாமா என்று யோசனை. நிறுத்தினால் யாருக்கு என்ன நஷ்டம்? பஸ் நிற்கப்போவதில்லை. ஒரு அறிவிப்பை எழுதியும் வைத்துவிட்டேன். ‘இத்துடன் இந்தப் பணி நிறைவு பெறுகிறது’ என்று கொஞ்சம் கண்ணீரும் கொஞ்சம் குத்தலுமாக. அதை வெளியிடப் பக்கத்தைத் திறந்த காலையில்தான் மனுக்காரரின் கடைசிப் பதிவு வந்து கிடந்தது.

என்ன செய்தீர்கள்? ‘செவ்வாய்க்கிழமை காலை 4.20க்கு ஆப்பைத் திறந்து எங்கள் ஊர் நிறுத்தத்தைத் தேர்வு செய்தேன்.’

என்ன எதிர்பார்த்தீர்கள்? ‘சந்தை நாள் என்பதால் தேனி போகும் முதல் பஸ் மூட்டை ஏற்ற முன்னதாகவே வரும். அன்று 4.35. அதைக் காட்டும் என்று எதிர்பார்த்தேன்.’

என்ன நடந்தது? ‘மற்ற நாட்களுக்குரிய 4.50ஐக் காட்டியது. 5.29 வரை அன்றைய முதல் பஸ் என்று அதையே வைத்திருந்தது. 5.30க்கு அது 4.35 ஆகிவிட்டது. நான்கு செவ்வாய்க்கிழமைகள் நிறுத்தத்தில் நின்று பார்த்துக் குறித்தது. நான்கிலும் இதே.’

அதன் கீழே: ‘குறிப்பு. மேற்படி பஸ்ஸில்தான் என் மனைவி டயாலிசிஸ் செய்துகொள்ளப் போய்வந்தார். அவர் இப்போது இல்லை. ஆகவே இந்த மனுவில் எனக்குச் சொந்த நலன் எதுவும் இல்லை. பொதுநலன் கருதிச் சரிசெய்யவும். நகல்: இல்லை.’

ஏழெட்டு வருஷத்தில் எனக்கு வந்த குறை அறிக்கைகளில் குறை சொல்ல முடியாத ஒரே அறிக்கை அது.

பிழையைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஆப்புக்கு விவரம் தருகிற கணினி எங்கோ வெளிநாட்டில் இருக்கிறது. அதன் கடிகாரம் இங்கிலாந்து நேரத்தில் ஓடுகிறது. அங்கே நடுச்சாமம் ஆகி நாள் மாறும்போது இங்கே விடிகாலை ஐந்தரை. அதுவரைக்கும் அதன் கணக்கில் எங்கள் ஊரிலும் திங்கட்கிழமைதான். செவ்வாய்க்குரிய நேரத்தை ஐந்தரைக்கு மேல்தான் எடுத்து நீட்டும். அதற்குள் பஸ் சின்னமனூரைத் தாண்டியிருக்கும். ஒரே ஒரு வரி, நான் எழுதியது. ஐந்தரைக்கு முன்னால் எழுந்திருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிகிற பிழை. நான் ஏழு மணிக்கு எழுகிறவன்.

திருத்திவிட்டு, அவர் பதிவின் கீழே ‘நேரில் வருகிறேன்’ என்று எழுதினேன். சாயங்காலம் பைக்கை எடுத்தேன். அவர் வாசலிலேயே நாற்காலி போட்டிருந்தது. எனக்காக ஒன்று, அவருக்கு ஒன்று. இந்த முறை உட்கார்ந்தார்.

“சரியாயிருச்சா சார்?”

“சரியாயிருச்சுங்கய்யா. ஒரே ஒரு வரி.”

“ஒரு வரிதேனா?” என்று கேட்டார். “நான் பெரிய கோளாறுன்னுல்ல நெனச்சேன்.”

நான்தான் கேட்டேன். “ஏங்கய்யா, அம்மாவுக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாதா? அந்த பஸ்ஸு, இந்த ஸ்டாப்புன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பேனே.”

“எப்பிடி சார் எழுதுறது? ஊரே படிக்கிற எடம். அதுபோக, வீட்டுக்காரிக்காகக் கேக்குறான்னு ஆயிரும். அவளே எழுதக் கூடாதுன்னுட்டா. செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழம ரெண்டு நாளு. வெள்ளிக்கெழம தொந்தரவு இல்ல. செவ்வாக்கெழமதேன் பஸ்ஸுக்காரக வாரத்துக்கு ஒரு நேரத்துல எடுக்குறாக. சரக்கு ஏறுனா இன்னும் முந்திப் போயிர்றாக.”

எனக்கு அது தெரியும். திங்கட்கிழமை சாயங்காலம் அந்த பஸ் கண்டக்டர் எனக்குப் போன் போட்டு மறுநாள் நேரத்தைச் சொல்வார். நானும் கடமை தவறாமல் அதை ஏற்றிவிட்டுப் படுப்பேன்.

“ரெண்டு தடவ பஸ்ஸ விட்டுட்டோம். முறை தவறிட்டா ஆஸ்பத்திரில அடுத்த நாள்தேன். அன்னைக்குப் பூராம் அவளுக்கு மூச்சு முட்டும். அப்புறம் விடக் கூடாதுன்னு நாலு மணிக்கே போய் நின்னுருவோம். மழைக்குள்ள. ஊசி குத்துற கையில துண்டச் சுத்திக்கிட்டு நிப்பா.”

நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“அதனால போயிட்டான்னு நீங்க தலையில ஏத்திக்கிறாதீக சார். அது நெஞ்சு நின்னுபோச்சு. ஞாயித்துக்கெழம, பூசைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்தா.” பிறகு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “நீங்க எழுதியிருந்தீகளே, அறியாததால கேக்குறேன்னு. அத அவகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். நல்லாச் சிரிச்சா” என்றார்.

பன்னிரண்டாவது ஆள். பதினொன்றோடு நின்றிருக்கலாம்.

அவர் அதைக் குத்தலுக்காகச் சொல்லவில்லை. குத்தலுக்குச் சொல்லியிருந்தால் நான் எப்படியாவது பதில் கண்டுபிடித்திருப்பேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. அவர் வாசல் மட்டும் அப்படியே.

பணி நிறைவு அறிவிப்பை அழித்துவிட்டேன். இது தியாகம் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியாத இன்னும் எத்தனை ஐந்தரை மணிகள் அதற்குள் இருக்கின்றனவோ என்கிற பயம். ‘ஓடல’ என்று வந்தால் இப்போது உடனே மூடுவதில்லை. எது ஓடவில்லை என்று இரண்டு தடவை கேட்கிறேன். பதில் வருவதில்லை. களைப்பும் குறையவில்லை.

அப்புறம், வாழ்க்கையில் முதல்தடவையாக நானே ஒரு மனு எழுதினேன். அவர் வீட்டுத் தெருவில் விளக்கு எரியாதது தொடர்பாக, உரிய அலுவலகத்துக்கு. மொழிநடையில் குறை வைக்கவில்லை. ‘பொதுமக்கள் இருளில் பெரும் இன்னலுக்கு உள்ளாகின்றனர்’ என்று எழுதும்போது கை கொஞ்சம் கூசியது, ஆனாலும் எழுதினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரே வரி: ‘எந்தக் கம்பம்? எண் குறிப்பிடவில்லை. போதிய விவரம் இல்லாததால் திருப்பப்படுகிறது.’

என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். “ஆள் ஒங்கள மாதிரியே இருக்காரே” என்றாள்.

கம்பத்தின் எண்ணைப் பார்க்க மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். எண் இருந்த இடத்தில் யாரோ காதுகுத்து விழாச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“என்ன சார், இங்கன?”

“ஒரு மனு விஷயமாங்கய்யா. கம்ப நம்பர் வேணும்.”

“எந்தக் கம்பம்?”

“பொதுவாத்தேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து நீட்டினார்.

“மேக்கு வரிசை, பதினேழு” என்றார், கம்பத்தின் பக்கம் திரும்பாமலே. “எழுதிக்கிருங்க. நகல் போட மறந்துறாதீக.”